நாமும் நாங்களும்: தஞ்சோங் பகாரில் ஒரு நிலையமும் ஒரு குளமும்

சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல் குளம் 1931இல் எமிலி குன்றின்மேல் திறக்கப்பட்டது. இரண்டாவது குளம் 1952இல் தஞ்சோங் பகாரில், யான் கிட் சாலையை ஒட்டி எழுந்தது. லுக் யான் கிட் பல் மருத்துவத்தால் பொருளீட்டிய சீனச் செல்வந்தர். சிராங்கூன் சாலையிலுள்ள குவோங் வாய் சியூ மருத்துவமனையை நிறுவியோருள் ஒருவர். அவர் பெயர் சாலைக்கு வந்தது. சாலையின் பெயர் குளத்திற்கு வந்தது. எமிலி குன்றுக் குளம் எண்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்துவிட்டது. யான் கிட் குளம் 2001இல் மூடப்பட்டு, பல்லாண்டுக் காலம் பூட்டிக் கிடந்து, 2012இல் இடிக்கப்பட்டது.

அக்குளத்தையும், அதற்கு நெடுங்காலம் முன்னரே தரைமட்டமான எங்கள் சமூக நிலையத்தையும் பற்றியது இவ்வுரை. கட்டட வரலாற்றைச் சொல்லப் பொறியாளர் இருக்கின்றனர். நமக்கு அது தொழிலன்று. அவ்விரண்டு இடங்களிலும் பிள்ளைகள் நாள்தோறும் புழங்கிய ஒரு சிறு சொல்லைப் பற்றியே பேச விரும்புகிறோம். அச்சொல் தன்மைப் பன்மைச் சொல்.

ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை எனினும், மாணவரும் இவ்வேட்டைப் படிப்பர் என்பதால் சுருங்கச் சொல்வோம். 'நாம்' என்பது கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். 'நாங்கள்' என்பது கேட்பவரை வெளியே நிறுத்தும். தொல்காப்பியர் தன்மைப் பன்மை வினையீறுகளைத் தொகுத்துக் கூறினார். பின்வந்த இலக்கணிகள் அவற்றைப் பிரித்து, அம், ஆம் ஈறுகள் முன்னிலையாரையும், எம், ஏம் ஈறுகள் படர்க்கையாரையும் உளப்படுத்தும் என்றனர். 'உளப்படுத்தல்' என்னும் கலைச்சொல் எத்துணை அழகிய சொல்! உள்ளே கொண்டுவருதல் என்பது அதன் பொருள். இவ்வுரையிலும் அந்த வரம்பைக் காக்க முயல்வோம். 'நாம்' என்று வருமிடத்தில் படிக்கும் நீங்களும் உண்டு. 'நாங்கள்' என்று வருமிடத்தில் அந்தத் தெருவின் பிள்ளைகள் மட்டும். உரையாற்றுவோர் தம் ஒருவரையே 'நாம்' என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் இடையிடையே குறுக்கிட்டால் பொறுத்தருள்க.

அறுபதுகளின் தஞ்சோங் பகாரை இன்றைய உயர்மாடிகளை வைத்து ஊகிக்க இயலாது. ஒருபுறம் துறைமுகம். சிங்கப்பூர்த் துறைமுக வாரியம் 1964இல் துறைமுக ஆணையமாக மாறிய பின்னரும் எங்கள் வீடுகளில் அது 'ஆர்பர் போர்டு'தான். கப்பலில் சரக்கேற்றியும் இறக்கியும் பிழைத்த தஞ்சை வட்டாரத்துக் குடும்பங்கள் அதன் குடியிருப்புகளில் வாழ்ந்தன. மறுபுறம் 1932இல் திறக்கப்பட்ட மலாயா ரயில்வே நிலையம். அங்கே எழுத்தராகவும் அலுவலராகவும் பணியாற்றியோருள் யாழ்ப்பாணத்தார் இருந்தனர். கடைத்தெருப் பக்கம் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள். மற்ற தமிழ் ஆடவர் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்து பிழைத்த காலத்தில், பெண்டு பிள்ளைகளோடு குடியேறியவர்கள் இவர்கள். அவ்வீட்டுப் பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். அவர்களின் முயற்சியால் 1946இல் தோன்றியதே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. இவர்களுக்கிடையிலும் இவர்களைச் சுற்றிலும் ஹொக்கியன், கான்டனீஸ், மலாய் பேசுவோர்.

ஆக, ஒரே தெருவில் தமிழே மூன்று விதமாக ஒலித்தது. இது பிற்காலத்தில் கற்ற பாடத்தால் சொல்வது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சில வீட்டில் 'அவுக' என்பார்கள், சில வீட்டில் 'அவங்க' என்பார்கள், ரயில்வேக் குடியிருப்பில் 'அவை' என்பார்கள் என்பதுதான்.

மக்கள் கழகம் 1960 ஜூலை 1ஆம் நாள் நிறுவப்பட்டது. முன்னரே இருந்த 28 சமூக நிலையங்கள் அதன் பொறுப்பில் வந்தன. தொடர்ந்து மேலும் பல கட்டப்பட்டன. எங்களுடையது அவற்றுள் ஒன்று. ஒற்றைத் தளம், துத்தநாகத் தகட்டுக் கூரை, முன்னால் சிமெண்டுத் தரையில் கூடைப்பந்துத் திடல். அதன் முழுப்பெயரை எவரும் சொல்லிக் கேட்டதில்லை, 'சி.சி.' என்றால் போதும். காலையில் பாலர் வகுப்பு, பிற்பகலில் தையல் வகுப்பு, மாலையில் மேசைப் பந்து. இரவில் பெரியவர்கள் தேசிய மொழி வகுப்பில் அமர்ந்து மலாய் எழுத்துக்கூட்டினர். பகலெல்லாம் மூட்டை சுமந்து வந்த எங்கள் அப்பா, சிலேட்டைப் பிடித்த பிள்ளைபோல் பென்சிலை அழுத்திப் பிடித்து எழுதியதைச் சன்னல் வழியே கண்டிருக்கிறோம்.

1963 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்தது. பெட்டி வாங்கும் வசதி எங்கள் தெருவில் யாருக்குமில்லை. ஆனால் சமூக நிலையத்தில் அரசாங்கம் ஒரு பெட்டியை வைத்தது. உயரமான தாங்கியில், கதவு வைத்த மரப்பேழைக்குள் அது இருந்தது. பொறுப்பாளர் சாவியோடு வரும்வரை கூட்டம் தரையில் பாயில் காத்திருக்கும். சீனப் படத்தில் அடுத்து என்ன நடக்கும் என்பதை ஒரு கான்டனீஸ் மூதாட்டி மலாயில் எங்களுக்குச் சொல்வார். அது சந்தையில் பழகிய மலாய். இலக்கணம் ஏதும் அதில் இல்லை. எங்களுக்கு முழுதும் விளங்கும். தமிழ்ப்படம் வரும் நாளில் அக்கடமையை எங்கள் பெரியம்மா ஏற்றுக்கொள்வார். அழுகைக் காட்சிக்கு மட்டும் எவரும் மொழிபெயர்க்கவில்லை.

இங்கே ஒரு சிறு விலகல். ஆங்கிலத்தில் 'கம்யூனிட்டி சென்டர்' என்றிருந்த பெயர் தொண்ணூறுகளில் 'கம்யூனிட்டி கிளப்' ஆயிற்று. தமிழில் 'சமூக நிலையம்' 'சமூக மன்றம்' ஆயிற்று. 'கிளப்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு உறுப்பினர் உண்டு, சந்தா உண்டு, உறுப்பினரல்லாதார் வாயிலில் நிற்க வேண்டியதும் உண்டு. அது 'நாங்கள்' என்னும் சொல்லின் உறவு. 'மன்றம்' பழந்தமிழில் ஊர்ப்பொது இடம். மரத்தடியில் ஊரார் கூடும் வெளி. அது 'நாம்' என்பதன் உறவு. மொழிபெயர்ப்பு மூலத்தைவிட நன்றாக அமைந்துவிடும் அரிய இடங்களுள் இதுவொன்று. பெயர்த்தவர் யாராயினும் வாழ்க.

இனிக் குளத்திற்கு வருவோம். வரும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அக்குளத்தின் நீரில் நாங்கள் ஒருநாளும் இறங்கியதில்லை. இந்த 'நாங்கள்' எங்கள் தெருவின் பெண்பிள்ளைகள். ஆண்பிள்ளைகள் துறைமுகத்து நீரில் குதித்து மாண்டுபோவார்களோ என்னும் அச்சம் ஒவ்வொரு தாய்க்கும் இருந்தது. ஆகவே சில காசுகளைக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்து, 'குளத்துக்கே போங்க' என்று அனுப்புவார்கள். கூடவே அக்காள் ஒருத்தியும் போவாள். உடையையும் காலணியையும் காவல் காப்பது, நேரத்திற்கு வீட்டுக்கு இழுத்து வருவது அவள் வேலை. நீச்சலுடையில் பெண்பிள்ளை நாலு பேர் முன் நிற்பது எங்கள் வீடுகளில் நினைத்தும் பார்க்கவியலாத ஒன்று. யாரும் அதைத் தடை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே எழாத அளவுக்கு அது உறுதியாக இருந்தது.

கம்பிவேலிக்கு இப்பால், நிழல் கிடைத்த இடத்தில், மூன்று நான்கு அக்காள்மார் மடியில் சட்டைகளோடு அமர்ந்திருப்போம். கிருமிநாசினியின் நெடி வேலியைக் கடந்து வரும். நீர் தெரியாது, தலைகள் தெரியும், தெறிப்பு தெரியும், குரல்கள் கேட்கும். காண இயலாதவர்க்குக் கேட்பது கூர்மையடையும். மொழியியல் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் கேட்போரிடம் பேராசிரியர் பெயர்களைச் சொல்லியிருக்கிறோம். அந்த வேலியைச் சொல்லியிருந்தால் உண்மைக்கு இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும்.

வேலிக்கு அப்பாலிருந்து கேட்டவற்றுள் ஒன்று: நீருக்கடியில் போவதற்கு எத்தனை சொற்கள்! கடையநல்லூர்ப் பிள்ளைகள் 'முங்குலே' என்பார்கள். துறைமுகக் குடியிருப்புப் பிள்ளைகள் 'முழுகுடா' என்பார்கள். ரயில்வேக் குடியிருப்பிலிருந்து வந்த பையன் 'சுழியோடு' என்பான். முத்துக்குளிப்போர்க்கும் கடலடியில் தேடுவோர்க்கும் உரிய சொல்லை, நான்கடி ஆழத்தில் விழுந்த பத்துக் காசை எடுக்க அவன் பயன்படுத்தியது மற்றவர்களுக்கு வேடிக்கை. மலாய்ப் பிள்ளைகள் 'செலாம்' என்பார்கள். அது எங்கள் தம்பியின் காதில் 'சலாம்' என்று விழுந்து, கொஞ்சநாள் அவன் முங்குவதற்கு முன் நெற்றியில் கைவைத்து வணக்கம் போட்டான். ஓராண்டுக்குள் எல்லாரும் எல்லாச் சொல்லையும் எடுத்துக்கொண்டனர். போட்டி என்றால் 'சுழியோடு'. விளையாட்டு என்றால் 'முங்கு'. வீட்டில் அம்மாவிடம் சொல்லும்போது 'முழுகு'. எந்த ஆசிரியரும் கற்றுத்தராமல், ஒரு குளத்தின் அளவேயான ஒரு வட்டார வழக்கு உருவாகியிருந்தது.

இன்னொன்று: எங்கள் பிள்ளைகள் அவ்விடத்தைச் 'சிம்மிங்' என்று ஆங்கிலத்திலும், மலாய்ப் பிள்ளைகள் 'கோலாம்' என்றும் அழைத்தனர். 'கோலாம்' தமிழின் 'குளம்'. கடை, கப்பல், கட்டில், பெட்டி, முதல் ஆகியவற்றோடு கடல் கடந்து மலாய்க்குள் புகுந்து கெடாய், காப்பால், காத்தில், பெத்தி, மோடால் ஆனது போலவே இதுவும் ஆயிற்று. தமிழ்ச்சொல் மலாய்ப் பிள்ளையின் நாவிலிருக்க, தமிழ்ப்பிள்ளை ஆங்கிலத்தைக் கடன் வாங்கிக்கொண்டிருந்தது.

ஆயினும் எங்கள் செவி எப்போதும் காத்திருந்தது வேறொரு சொல்லுக்காக. சனிக்கிழமை காலையில் தெருமுனையில் பிள்ளைகள் கூடுவார்கள். ஒருவன் சொல்வான்: 'நாம்ப குளத்துக்குப் போறோம்.' நின்றிருந்த அத்தனை பேரும் போகலாம். மற்றொரு நாள் அதே பையன் அதே இடத்தில் சொல்வான்: 'நாங்க குளத்துக்குப் போறோம்.' அழைக்கவில்லை என்று அவன் சொல்லவே இல்லை. ஆனால் கேட்ட பிள்ளையின் முகம் வாடிவிடும். எட்டு வயதுப் பிள்ளை இதை இலக்கணமாகக் கற்கவில்லை. போகலாமா கூடாதா என்பதை அறியும் தேவை அதற்கு இருந்தது, அதனால் கற்றது.

இதில் வியப்பு என்னவெனில், மலாய்ப் பிள்ளைக்கும் இதே அறிவு இருந்தது. மலாயில் கேட்பவரைச் சேர்த்தால் 'கித்தா', சேர்க்காவிட்டால் 'காமி'. பேச்சு மலாயில் 'கித்தா ஓராங்' இரண்டிடத்தும் புகுந்து இவ்வரம்பைத் தளர்த்துவது உண்டு. இருந்தாலும் வேறுபாடு அந்த மொழிக்கு உரியது. ஹொக்கியனில் 'லான்' என்றால் உன்னையும் சேர்த்து, 'குன்' என்றால் உன்னை நீக்கி. தொடர்பே இல்லாத மூன்று மொழிக்குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள் இவை. நம் உறவுமொழிகளிலேயே மலையாளமும் தெலுங்கும் இவ்வேறுபாட்டைக் காக்க, இன்றைய கன்னடம் அதை இழந்துவிட்டது. அப்படியிருக்க, ஒரு குளத்தங்கரையில் மூன்று தாய்மொழிப் பிள்ளைகள், ஒருவர் மொழி மற்றவர்க்கு அரைகுறையாகத் தெரிந்த நிலையில், 'நான் இதில் உண்டா?' என்னும் கேள்விக்கு விடையைச் சொல்லிலேயே கேட்டுப் பழகியிருந்தனர். ஆங்கிலத்தின் 'வீ' அந்த விடையைத் தருவதில்லை.

1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் கலவரம் நடந்தது. ஊரடங்குச் சட்டத்தின்போது தெருவில் நாய் குரைக்கும் ஓசை தவிர வேறு கேட்கவில்லை. எங்களுக்கு அப்போது ஏழு வயதும் நிரம்பவில்லை. நினைவில் நிற்பது மிகக் குறைவு. மீண்டும் சமூக நிலையம் திறந்த முதல் நாள்களில் பாய்கள் தனித்தனியாக விரிக்கப்பட்டிருந்தன. கான்டனீஸ் மூதாட்டி வழக்கமான இடத்தில் அமர்ந்து, படத்தில் பேச்சு வந்ததும் மலாயில் சொல்லத் தொடங்கினார். சற்று நேரம் ஒருவரும் திரும்பவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மலாய்ப் பெரியவர், 'என்ன சொன்னான் அவன், மறுபடி சொல்லுங்கள்' என்றார். இவ்வளவுதான் எங்கள் நினைவு. இதற்கு மேல் பொருள் ஏற்ற விரும்பவில்லை.

எழுபதுகளில் தெரு கலைந்தது. நிலம் எடுக்கப்பட்டது; கடைவீடுகள் இடிக்கப்பட்டன; குடும்பங்கள் தெலுக் பிளாங்கா, புக்கிட் மேரா, அங் மோ கியோ, பிடோக் என்று வீட்டுக்கு ஓரிடமாகச் சிதறின. புதிய வீட்டில் குழாய் நீரும் தனிக் கழிப்பறையும் மின்விளக்கும் கிடைத்த அன்று எங்கள் அம்மா அழுதது மகிழ்ச்சியினால். பழைய தெருவை எண்ணி உருகுவோர் அத்தெருவின் வாளிக் கழிப்பறையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சமூக நிலையம் எப்போது இடிபட்டது என்பதை நாங்கள் பார்க்கவேயில்லை. ஒருநாள் பேருந்தில் போகும்போது அவ்விடத்தில் சாலை இருந்தது. உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது.

அவ்வாண்டுகளில் நாங்கள் தமிழ்நாட்டில் ஆய்வு மாணவர்கள். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சென்ற சிலர், ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு காவிரிக்கரை ஊர்களில் திரிந்தோம். வட்டார வழக்கு என்றால் வயலும் வரப்பும் இருக்குமிடத்தில்தான் கிடைக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. ஒவ்வோர் ஊரிலும் முதியோரை அமர்த்தி, 'நீருக்குள் தலை மறைய இறங்குவதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்டோம். விடைகளை அட்டையில் எழுதி அடுக்கினோம். அதே வேளையில், மூன்று வழக்குகள் கலந்து நான்காவதொன்று பிறந்திருந்த எங்கள் தெருவிலிருந்து வண்டிகளில் சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு நாடாகூடப் பதிவு செய்யவில்லை. கருவி எங்களிடம் இருந்தது, பயிற்சி இருந்தது, விடுமுறையில் வீட்டுக்கு வந்தும் போனோம். ஆய்வுக்குரியது என்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்பது உண்மை. எங்களுக்கே தோன்றவில்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை.

ஆசிரியர்களே, இவ்வளவு பழங்கதையை உங்கள்முன் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பணி ஓய்வுக்குப் பின் மாணவர் கட்டுரைகளைத் திருத்த அவ்வப்போது அழைக்கின்றனர். 'நண்பா, வா, நாங்கள் இருவரும் சேர்ந்து விளையாடுவோம்' என்று எழுதியிருப்பார்கள். நாமும் சிவப்பு மையால் 'நாம்' என்று திருத்துவோம். அடுத்த கட்டுரையில் மீண்டும் 'நாங்கள்' வரும். 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியபின் ஹொக்கியன் வீடுகளில் 'லான்', 'குன்' மங்கின. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. பிள்ளை வீட்டிலும் விளையாட்டிலும் 'வீ' என்று நினைத்து, தமிழ்ப் பாடவேளையில் மட்டும் அதை இரண்டாகப் பிளக்க வேண்டியிருக்கிறது. எதைக்கொண்டு பிளக்கும்? விதியைச் சொல்லிவிட்டோம், அவ்விதியால் தனக்கு ஆவது என்ன என்பதை அப்பிள்ளை அறிய ஓர் இடம் வேண்டாமா? இலக்கண வகுப்பை விளையாட்டுத் திடலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டு குழுவாகப் பிரித்து, தமிழில் மட்டும் ஆள் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்கப்படாத பிள்ளைக்கு 'நாங்கள்' ஒரே நாளில் விளங்கிவிடும். சேர்த்துக்கொள்ளும்போது 'நாம்' விளங்கும். பள்ளியொன்றில் இதைச் செய்து பார்த்தோம். முதல் அரைமணி நேரம் பெருங்கூச்சல். பாடக்குறிப்பேட்டில் எழுதத்தக்க எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு சிறுமி, 'நீயும் வா, நாம போலாம்' என்று மற்றொருத்தியின் கையைப் பிடித்தாள்.

குளம் இருந்த இடம் இன்று திறந்தவெளித் திடலாக இருக்கிறது. சற்றுத் தொலைவில் டக்ஸ்டனின் ஐம்பது மாடிக் கட்டடங்கள் ஏழும் வானை மறைத்து நிற்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தம்பியோடு அங்கே போனோம். அவனுக்கும் இப்போது பேரப்பிள்ளைகள். ஆழமான பக்கம் எது என்று அவன் அடியெடுத்து அளந்து பார்த்தான். எங்களைக் கேட்டால் எப்படித் தெரியும்? வேலி இருந்த பக்கம்தான் எங்களுக்குத் தெரியும். அவன் திரும்பி நின்று, 'அக்கா, நம்ம கொளம் இங்கதான் இருந்துச்சு' என்றான்.

நம்ம கொளம். அறுபது ஆண்டுகளுக்குப் பின், வேலிக்கு வெளியே இருந்தோரையும் சேர்த்து. அவன் எண்ணிச் சொல்லவில்லை. இலக்கணம் அவனுக்குத் தெரியாது. கைப்பேசியை எடுத்து, 'பதிவு செய்துகொள்கிறோம், இப்போது சொன்னதை இன்னொரு முறை சொல்' என்றோம். எதற்கு என்று கேட்டான். ஆராய்ச்சிக்கு என்றதும் சட்டையை இழுத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, வானொலியில் செய்தி வாசிப்பவனைப்போல் நிமிர்ந்து நின்றான்.

'எங்களுடைய நீச்சல் குளம் இவ்விடத்தில் அமைந்திருந்தது' என்றான்.